பச்சைப் பலகையும் பக்கத்து ஊரும்

மார்க்கையன்கோட்டையில் சாலையோரத் தேநீர்க் கடையொன்றில் அமர்ந்திருந்தோம். எதிரே வயல். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த நெற்பயிர், காற்று வந்த பக்கமெல்லாம் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்துகொண்டிருந்தது. அதற்கப்பால் தென்னை, அதற்கும் அப்பால் மலை. வெளியூர்க் கார் ஒன்று வந்து நின்றது. உள்ளிருந்தோர் இறங்கினர்; வரப்பிலே நின்றனர்; கைபேசியை நீட்டிப் படம் பிடித்தனர்; ஏறினர்; போயினர். ஐந்து நிமிடம் ஆகியிருக்காது.

கடையிலிருந்த பெரியவர் ஒருவர் நம் பக்கம் திரும்பி, "மேகமலைக்குப் போறாக. இல்லாட்டி குமுளி, தேக்கடி. தெனமும் இந்தக் கூத்துத்தான் தம்பி. நம்ம வயலைப் படம் புடிச்சுட்டுப் போறாக; ஒரு டீக்கு ஒக்கார மாட்டேங்குறாக" என்றார்.

கடையிலிருந்தோர் சிரித்தனர். நாமும் சிரித்தோம். ஆனால், சிரித்துவிட்டு மறந்துவிடக்கூடிய பேச்சா அது?

எண்ணிப் பாருங்கள்! துணி விற்கிறவன் துணிக்குச் சொந்தக்காரன். உப்பு விற்கிறவன் உப்புக்குச் சொந்தக்காரன். உல்லாசப் பயணத் தொழில் நடத்துகிறவர் எதை விற்கிறார்? கட்டில் அவருடையது, கதவு அவருடையது, குளியலறைக் குழாய் அவருடையது. ஆனால் பயணி காசு கொடுப்பது கட்டிலுக்காகவா? கட்டில் அவர் வீட்டிலேயே இருக்கிறதே! மலைக்காக வருகிறார், ஏரிக்காக வருகிறார், காட்டுக்காகவும், குளிர்ந்த காற்றுக்காகவும், பச்சை வயலுக்காகவும் வருகிறார். விடுதிக்காரர் விலைச் சீட்டில் எழுதி விற்கும் அந்தச் சரக்கு அவர் செய்ததல்ல, அவர் வாங்கியதுமல்ல. காட்டைக் காத்தவர்களும் வயலை உழுதவர்களும் ஆக்கி வைத்தது அது.

இந்த உண்மையை ஒப்புக்கொள்ளும் விடுதி எது, ஒப்புக்கொள்ளாத விடுதி எது என்று பார்ப்பதுதான் இன்று நம் வேலை. ஏனென்றால், 'நிலைத்த வளர்ச்சி', 'பசுமைக் கொள்கை', 'சூழல் பொறுப்பு' என்றெல்லாம் பெரிய கம்பெனிகள் இப்போது பேசுகின்றன. வாசலில் பச்சைப் பலகை தொங்குகிறது. அந்தப் பலகை, தொழிலுக்கு அடி விழும் நாளில் தொழிலைத் தாங்குமா? வெள்ளம் வந்தால், நோய் வந்தால், காட்டுத் தீ வந்தால், எல்லையில் கலவரம் வந்தால், எந்த விடுதி எழுந்து நிற்கும்? எது படுத்துவிடும்?

பச்சைப் பலகையின் பிறப்பை முதலில் பார்த்துவிடுவோம். பெரிய விடுதிகளின் குளியலறையில் ஒரு சிறு அட்டை இருக்கும். "பூமியைக் காப்போம், துண்டை மறுபடி பயன்படுத்துங்கள்" என்றிருக்கும். பூமி காக்கப்படுகிறதோ இல்லையோ, வெளுப்புச் செலவு குறைகிறது! 1986-ஆம் ஆண்டிலேயே அமெரிக்கச் சூழலியலாளர் ஜே வெஸ்டர்வெல்ட், இந்தத் துண்டு அட்டையைப் பார்த்துத்தான் இதற்கொரு பெயர் சூட்டினார். சுவருக்கு வெள்ளையடிப்பதுபோல, தொழிலுக்குப் பச்சையடிப்பது என்று பொருள்படும் பெயர். அந்தச் சொல் இன்று எல்லாத் தொழிலுக்கும் பொருந்துகிறது. பிறந்தது விடுதிக் குளியலறையில்!

ஆகவே எல்லாம் பொய் என்று நாம் சொல்லவரவில்லை. கூரைமேல் சூரிய மின்தகடு வைப்பதும், கழிவுநீரைச் சுத்திகரித்துத் தோட்டத்துக்குப் பாய்ச்சுவதும், பிளாஸ்டிக் புட்டிக்குப் பதில் கண்ணாடிப் புட்டியில் தண்ணீர் வைப்பதும் நல்ல காரியங்களே. மின்கட்டணம் குறைகிற விடுதி, வருவாய் குறைந்த ஆண்டிலே மற்றவனைவிட நாலு நாள் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும். அதுவும் ஒரு வலிமைதான். மறுக்கவில்லை. ஆனால் அது சுவருக்குள்ளே இருக்கும் வலிமை. அடி விழுவதோ சுவருக்கு வெளியே!

2018-ஆம் ஆண்டை நினைவுகூருங்கள். ஆகஸ்டிலே கேரளத்தில் பெருவெள்ளம். 26 ஆண்டுகளுக்குப் பிறகு இடுக்கி நீர்த்தேக்கத்தின் செறுதோணி மதகுகள் திறக்கப்பட்டன. 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி அந்த ஆண்டுதான் மூணாறு மலைகளில் பூக்கவேண்டிய முறை. அறைகளெல்லாம் முன்கூட்டியே பேசப்பட்டிருந்தன. பூ வந்தது, ஆள் வர வழியில்லை, சாலைகள் துண்டுதுண்டாகக் கிடந்தன. அதிலிருந்து மூச்சு வாங்கி எழுவதற்குள் 2020 மார்ச்சில் ஊரடங்கு. 2019-இல் உலகெங்கும் நாடுவிட்டு நாடு சென்ற பயணிகள் ஏறத்தாழ 146 கோடி. 2020-இல் அது 40 கோடி அளவுக்கு வீழ்ந்தது. துண்டு அட்டை வைத்திருந்த விடுதியும் மூடியது. வைக்காத விடுதியும் மூடியது.

அந்த நாட்களில் விடுதி முதலாளிகளுக்கு மத்திய அரசு வழி காட்டவில்லையா என்றால், காட்டியது. 2021 மார்ச்சில் அவசரக் கடன் உத்தரவாதத் திட்டம் விடுதிகளுக்கும் பயணத் தொழிலுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. அதே ஆண்டு ஜூன் மாதம், பயண நிறுவனங்களுக்கு 10 லட்சம் ரூபாய் வரையிலும், உரிமம் பெற்ற வழிகாட்டிகளுக்கு 1 லட்சம் ரூபாய் வரையிலும் கடன் என்று நிதியமைச்சர் அறிவித்தார். அங்கீகாரம் பெற்ற வழிகாட்டிகள் நாடு முழுவதிலும் 10,700 பேர் என்று கணக்கு. சரி, விடுதிச் சமையற்கட்டில் பாத்திரம் தேய்த்த பெண் அந்தக் கணக்கிலே எங்கே? சின்னமனூரிலிருந்து வாழையிலைக் கட்டு ஏற்றிப் போன வண்டிக்காரர் எங்கே? ஜீப்பு ஓட்டியவர் எங்கே? கடன் என்றாலும் கேட்பதற்குக்கூட ஒரு சீட்டு வேண்டுமே! அது அவர்களிடம் இல்லை.

அப்படியானால், அடியைத் தாங்கும் முறை எது? அதைக் காண நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. நம் வயலுக்குத் தண்ணீர் வரும் வழியே மேலேறிப் போனால் போதும்: கம்பம், கூடலூர், லோயர்கேம்ப், குமுளி, தேக்கடி!

தேக்கடி ஏரியிலே படகில் போகிறவர்கள் பலருக்கு, அது ஏரியல்ல, அணைக்குப் பின்னே தேங்கிய நீர் என்பதே தெரியாது. 1886-இல் போடப்பட்ட 999 ஆண்டுக் குத்தகை. 1895-இல் பென்னிகுயிக் கட்டி முடித்த அணை. அதனால் நிறைந்த நீர். அந்த நீர்தான் மலையைக் குடைந்து இப்புறம் வந்து, லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நிலத்தை நனைக்கிறது. மேலே படகு மிதக்கும் தண்ணீரும், கீழே மார்க்கையன்கோட்டை வயலில் நிற்கும் தண்ணீரும் ஒன்றே. 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத்திலே குத்தகை ஏக்கருக்கு 5 ரூபாயிலிருந்து 30 ரூபாயாக உயர்ந்தது. மீன் பிடிக்கும் உரிமையையும் தமிழகம் விட்டுக்கொடுத்தது. அந்தப் பழைய கணக்கை இங்கே விரிக்கவில்லை. ஒன்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். தேக்கடிச் சுற்றுலாவும் கம்பம் பள்ளத்தாக்கு விவசாயமும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

அந்த ஏரியைச் சுற்றியிருக்கும் பெரியாறு புலிகள் காப்பகம் 925 சதுர கிலோமீட்டர். 1978 முதல் அது புலிகள் காப்பகம். ஆனால் சட்டம் போட்டதால் மட்டும் காடு தப்பிவிடவில்லை. இரவோடிரவாக உள்ளே புகுந்தார்கள். வயணை மரத்தின் பட்டையை உரித்தார்கள், மிருகத்தை வேட்டையாடினார்கள், சந்தனத்தை வெட்டினார்கள். யார்? வானத்திலிருந்து வந்தவர்களா? காட்டோரத்து ஏழைகள்! பிடித்தால் அடி, வழக்கு, சிறை. வெளியே வந்தால் மறுபடி காடு. வேறு எங்கே போவான்? வயிறு கூடவே இருக்கிறதே!

1990-களின் பின்பாதியில், உலக வங்கி உதவியோடு இந்தியாவில் ஏழு காப்பகங்களில் ஒரு திட்டம் வந்தது, பெரியாறும் அதிலொன்று. காட்டைக் காக்கவேண்டுமானால் காட்டோரத்து மக்களைப் பங்காளியாக்கு என்பது அதன் கருத்து. இத்தகைய திட்டங்களை நாம் பொதுவாக ஐயத்தோடுதான் பார்ப்போம். காகிதத்தில் இனிப்பவை அவை. ஆனால் தேக்கடியில் நடந்தது காகிதத்தோடு நிற்கவில்லை. 1998-இல், பட்டை உரித்துக்கொண்டிருந்த 23 பேர் வனத்துறையோடு உடன்பாடு செய்துகொண்டனர். அவர்கள் மேலிருந்த வழக்குகள் கைவிடப்படும், பதிலுக்கு, கடத்தல் வழியும் கடத்தல்காரர் கூட்டமும் பற்றி அவர்கள் அறிந்ததையெல்லாம் சொல்லவேண்டும், காட்டைக் காக்கவேண்டும், பயணிகளைக் காட்டுக்குள் அழைத்துச் சென்று சம்பாதிக்கலாம். அதுதான் உடன்பாடு.

என்ன நடந்தது? காட்டின் ஒவ்வொரு ஒற்றையடிப் பாதையும் தெரிந்தவன் காவலனானான். எந்தப் பாறையிடுக்கில் கள்ளன் அடுப்பு மூட்டுவான் என்பது அவனுக்குத்தானே தெரியும்! அவர்கள் தந்த துப்பினால் மற்றக் கூட்டங்கள் பிடிபட்டன. பயணிகளை முதுகுமூட்டையோடு காட்டுக்குள் நடத்திச் செல்லும் 'புலித்தட'ப் பயணம் பிறந்தது. ஒரு முறைக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே. கூட்டம் கூட்டமாக அல்ல. வரும் காசில் ஒரு பகுதி வழிகாட்டிக்குக் கூலி. ஒரு பகுதி அவர்கள் குழுவின் பொது நிதி. இப்படி எழுபதுக்கும் மேலான குழுக்கள் காப்பகத்தைச் சுற்றி உருவாயின. திட்டத்தின் பணம் தீர்ந்ததும் எல்லாம் கலைந்துவிடும் என்றுதான் யாரும் எண்ணியிருப்பார்கள். 2004-இல் பெரியாறு அறக்கட்டளை அமைத்து, பயணிகள் தரும் கட்டணத்தின்மீது ஒரு கூடுதல் தொகை வாங்கி, அந்தக் குழுக்களைத் தொடர்ந்து நிற்கச் செய்தார்கள். வெளியார் கொடை நின்ற பிறகும் ஓடுவதற்கு உள்ளேயே ஒரு சக்கரம் பொருத்திக்கொண்டார்கள் என்பதைக் கவனியுங்கள்!

இதிலே நம் பக்கத்துப் பங்கும் உண்டு. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து எல்லை தாண்டிச் சந்தனம் வெட்டப் போனவர்கள் இருந்தனர். அவர்களில் ஒரு பகுதியினர் சரணடைந்து, வனப் பாதுகாப்புச் சங்கம் ஒன்று அமைத்தனர். அதற்கு அவர்கள் சூட்டிய பெயர் 'விடியல்'. இரவிலே தொழில் செய்தவர்கள் தேர்ந்தெடுத்த பெயரைப் பாருங்கள்! வெளிநாட்டார் உள்நாட்டார் எனத் தேக்கடிக்கு வரும் பயணிகளை மாட்டு வண்டியில் ஏற்றி, இப்புறம் தோட்டமும் வயலும் காட்டிக் கூட்டி வரும் பயணத்தை அவர்கள் நடத்தினர். குமுளிப் பக்கத்திலே 2002 முதல் 'வசந்தசேனை' என்று பெண்கள் படையொன்று, முறை வைத்து, நாளுக்கு ஐந்தாறு பேராகக் காட்டுக்குள் ரோந்து போய்ச் சந்தன மரத்தைக் காக்கிறது. கூலி இல்லாமல்! கூலி இல்லாமல் பெண்கள் உழைப்பதை நாம் கொண்டாடத் தயாரில்லை. கூலி கொடுக்கவேண்டும் என்போம். ஆனால் அந்த மனம் எப்படி வந்தது? காடு அழிந்தால் தம் வீட்டு அடுப்பும் அணையும் என்று கண்ணால் கண்டதால் வந்தது.

கம்பெனி அறிக்கையிலே 'தாங்குதிறன்' என்று எழுதுகிறார்களே, அது இதுதான். காடு இருந்தால்தான் விடுதிக்கு ஆள் வருவான். காட்டை வெட்டத் தெரிந்தவனே காட்டைக் காக்கிறான் என்றால், விடுதிக்காரரின் மூலதனத்துக்கு அதைவிடப் பெரிய காப்பீடு எந்தக் கம்பெனி தரும்? வெள்ளம் வடிந்த பிறகும், நோய் ஓய்ந்த பிறகும், பயணி திரும்பி வந்தபோது காடு அங்கே இருந்தது. காவலில்லாமல் இருந்திருந்தால் வெறும் அடிமரங்களைத்தானே காட்டியிருப்பார்கள்?

விடுதிகளில் பாராட்டத்தக்கவை இல்லையா? உண்டு. தேக்கடியில் 1991-இல் தொடங்கப்பட்ட ஸ்பைஸ் வில்லேஜ் விடுதி, கான்கிரீட் மாடி எழுப்பாமல், மலைவாழ் மக்களின் குடிசையைப் பார்த்து, யானைப்புல் வேய்ந்த சிறு வீடுகளாகக் கட்டிக்கொண்டது. புல்கூரை நிற்காது; மறுபடி மறுபடி வேயவேண்டும். செலவுதானே என்பார் கணக்குப்பிள்ளை. செலவுதான்! ஆனால் அந்தச் செலவு, வேயத் தெரிந்த மலைமக்கள் கைக்குப் போகிறது. அதே விடுதி, 50 மைல் சுற்றளவுக்குள் விளைந்ததைக் கொண்டே சமைக்கும் உணவகம் ஒன்றையும் நடத்தியது. 50 மைல்! தேக்கடியை நடுவாக வைத்து ஒரு வட்டம் போடுங்கள். கூடலூர் உள்ளே வரும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர்த் திராட்சை உள்ளே வரும். உத்தமபாளையம், சின்னமனூர், மார்க்கையன்கோட்டை எல்லாம் உள்ளே வரும்.

வட்டத்துக்குள் இருக்கிறோம். ஆனால் வட்டத்துக்குள் இருப்பதும் கணக்குக்குள் இருப்பதும் ஒன்றா? கம்பம் பள்ளத்தாக்குக் காய்கறி இல்லாமல் இடுக்கி மாவட்டத்துச் சமையல் நடக்காது. கமிஷன் மண்டியில் ஏலம், வியாபாரி கைமாற்றம், லாரி, மறுபடி ஒரு வியாபாரி, பிறகு விடுதிச் சமையற்கட்டு. வெண்டைக்காய் விளைவித்தவருக்கு அது எந்த விடுதிக்குப் போகிறது என்று தெரியாது. தின்றவருக்கு அது எந்த ஊரில் விளைந்தது என்று தெரியாது. விலை வீழ்ந்த நாளில் செடியோடு விட்டுவிடுகிறார் விவசாயி. பக்கத்து ஊர்ச் சரக்கை வாங்குகிறோம் என்று அறிக்கையில் எழுதிக்கொள்கிறது விடுதி. இரண்டும் ஒரே நாளில் நடக்கலாம்!

விடுதி முதலாளிகள் ஒரு மறுமொழி வைத்திருக்கிறார்கள். "இன்று 20 கிலோ வேண்டும், நாளை 5 கிலோ போதும், தரம் ஒரே மாதிரி இருக்கவேண்டும். ஊர்க்காரர்களால் தரமுடிவதில்லை" என்பர். பொய்யென்று தள்ளமுடியாது. ஆனால் வழியில்லாத சிக்கலும் அல்ல அது. 2007–08-இல் கேரள அரசு, பொறுப்புள்ள சுற்றுலா என்று நான்கு இடங்களில் முயற்சி தொடங்கியது: கோவளம், குமரகம், வயநாடு, தேக்கடி. குமரகத்திலே குடும்பஸ்ரீ பெண்கள் குழுக்கள் தரிசில் காய்கறி போட்டன. விடுதிகள் அதை வாங்க ஒப்புக்கொண்டன. விலையை முன்கூட்டியே உட்கார்ந்து பேசி வைத்துக்கொண்டனர். தொடக்கத்தில் தடுமாற்றம், பிறகு நின்றது. 2013-ஆம் ஆண்டுக்கான ஐ.நா. சுற்றுலா அமைப்பின் விருது குமரகத்துக்குப் போயிற்று. தேக்கடியில் அந்த அளவுக்குப் போகவில்லை. ஏன்? காய்கறி விளைவது எல்லைக்கு இப்புறம். திட்டம் நின்றது எல்லைக்கு அப்புறம்! சமையற்கட்டுக்கு எல்லை கிடையாது. அரசாணைக்கு மட்டும் எல்லை!

அந்த எல்லை ஒருநாள் நெருப்பாயிற்று. 2011 டிசம்பர். அணையைப் பற்றிய அச்சமும் அரசியலும் சேர்ந்து மூண்டன. குமுளியிலே வன்செயல். ஏலத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போன நம் பெண்கள் தாக்கப்பட்டு, அஞ்சி, மலையிறங்கி ஓடி வந்தனர். இப்புறம் கம்பத்திலும் கூடலூரிலும் மக்கள் ஆயிரமாயிரமாய்த் திரண்டு எல்லை நோக்கி நடந்தனர். 144 தடையுத்தரவு. குமுளி வழிப் போக்குவரத்து வாரக்கணக்கில் நின்றது. சபரிமலைக்குப் போகிறவர்கள் வேறு வழி சுற்றினர். காய்கறி ஏறவில்லை. கிறிஸ்துமஸ், புத்தாண்டு என்று தேக்கடி விடுதிகள் ஆண்டு முழுவதும் காத்திருக்கும் பருவம் அது, அறைகள் காலி! மேலே முதலாளி கையைப் பிசைந்தார். கீழே விவசாயி அழுகிய தக்காளியைக் கொட்டினார். இருவரும் ஒரே நாளில் நட்டப்பட்டனர்; ஒருவரை ஒருவர் அறியாமலே!

எந்தப் பசுமை அறிக்கையில் இதற்கு இடம் இருந்தது? மின்சாரத்துக்கு ஒரு கட்டம், தண்ணீருக்கு ஒரு கட்டம், குப்பைக்கு ஒரு கட்டம். பக்கத்து ஊரோடு உறவு எப்படி என்பதற்குக் கட்டமே இல்லை. விடுதிக்காரர் சங்கமும் விவசாயிகள் சங்கமும் ஆண்டுக்கு நான்கு முறை ஒரு மேசையில் அமர்ந்து விலை பேசிப் பழகியிருந்தால் கலவரமே வந்திராது என்று நாம் சொல்லமாட்டோம். அவ்வளவு எளியவர்களல்ல நாம். ஆனால், வதந்தி பரவிய அன்று தொலைபேசியை எடுத்து "உண்மை என்ன?" என்று கேட்க, எல்லைக்கு அப்பால் ஒரு பெயராவது இருந்திருக்கும்.

கட்டம் என்றதும் ஒரு செய்தி. பங்குச் சந்தையில் முன்னணியிலுள்ள 1000 கம்பெனிகள் 2022–23 முதல் பொறுப்பு அறிக்கை தரவேண்டும் என்று செபி விதித்திருக்கிறது. 2021-இல் அது வெளியிட்ட படிவத்திலே ஓர் அருமையான கேள்வி இருந்தது: உங்கள் மூலப்பொருளில் எத்தனை விழுக்காடு உங்கள் மாவட்டத்திலும் அண்டை மாவட்டங்களிலும் வாங்கியது? படித்தபோது மகிழ்ந்தோம். 2023-இல் படிவத்தைத் திருத்தினார்கள். மாவட்டம் போயிற்று; அண்டை மாவட்டம் போயிற்று; அந்த இடத்தில் "இந்தியாவுக்குள்" என்று வந்தது! தேக்கடி விடுதி தில்லியிலிருந்து உருளைக்கிழங்கு வரவழைத்தாலும் இனி அது உள்ளூர்ச் சரக்குதான். மலையடிவாரத்து விடுதிகளில் பெரும்பாலானவை சந்தைப் பட்டியலிலேயே இல்லாதவை. அவற்றை எந்தக் கேள்வியும் தொடாது என்பது வேறு.

தேக்கடியைப் புகழ்ந்தோம். அங்கேயும் எல்லாம் சரியாக இருந்துவிடவில்லை. 2009 செப்டம்பர் 30 அன்று, அரசுச் சுற்றுலாக் கழகத்தின் 'ஜலகன்னிகா' படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். அந்த ஆண்டில்தான் நீரில் இறங்கிய படகு! காட்டைக் காக்கக் கற்றவர்கள் அருகிலிருக்க, படகை நடத்தியவர்களுக்குக் கூட்டத்தை அளவோடு ஏற்றத் தெரியவில்லை.

நம் மாவட்டத்துக் குரங்கணியை மறப்போமா? 2018 மார்ச் 11. போடிக்கு மேலே, கொழுக்குமலையிலிருந்து இறங்கிய மலையேற்றக் குழுவினரைக் காட்டுத் தீ சூழ்ந்தது. 23 உயிர்கள் போயின. பெரும்பாலும் இளைஞர்கள், இளம்பெண்கள். மார்ச் மாதத்துப் புல் எப்படிப் பற்றும், காற்று எந்தப் பக்கம் திரும்பும், தீ வந்தால் மேலே ஓடுவதா கீழே ஓடுவதா என்பதெல்லாம் அந்த மலையடிவாரத்து ஆடு மேய்ப்பவருக்குத் தெரியும். அவருடைய அறிவுக்கு அந்தப் பயணத்தில் இடமில்லை. தீப்பற்றிய செய்தி கேட்டு முதலில் மலையேறியவர்கள் யார்? அந்த ஊர்க்காரர்கள்! போர்வையில் கட்டித் தோளில் சுமந்து இறக்கினார்கள். வருமானத்தில் பங்கில்லை, சுமப்பதில் மட்டும் பங்கு!

அதற்குப் பிறகு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 14 மாவட்டங்களில் 40 மலையேற்ற வழிகளைத் திறந்தது. காட்டோரத்து மக்களுக்குப் பயிற்சி தந்து வழிகாட்டிகளாக்கியது. தேனி மாவட்டத்து வழிகளும் அதில் உண்டு. நல்ல தொடக்கம். வழிகாட்டிக்குக் கிடைப்பது நாள்கூலி மட்டுமா, தேக்கடிக் குழுக்களைப்போலப் பொது நிதியும் உண்டா என்று நாம் தொடர்ந்து கேட்போம். தீ பருவத்தில் வழிகள் மூடப்படும். அந்த மாதங்களில் அவர் வீட்டு உலை எதை வைத்துக் கொதிக்கும்?

2023-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அரிக்கொம்பன் யானை மேகமலைக் காட்டுக்குள் வந்தது, சுற்றுலா நிறுத்தப்பட்டது. மே 27-இல் கம்பம் தெருக்களில் நடந்தது. ஒருவர் உயிரிழந்தார். ஜூன் 5-இல் பிடித்துக் களக்காடு–முண்டந்துறைக்குக் கொண்டுபோனார்கள். யானையின்மேல் நமக்குக் கோபமில்லை. அதன் காட்டில் வழியை அடைத்தது யானையல்லவே! அந்த வாரங்களில் ஜீப்புக்காரரும் கடைக்காரரும் இழந்த வருவாயைப் பற்றி யாரும் கணக்கெடுக்கவில்லை என்பதுதான் நம் வருத்தம்.

இப்போது மேகமலையே புலிகள் காப்பகம்: ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை, 2021 பிப்ரவரி முதல். சின்னமனூரிலிருந்துதான் மேகமலைக்கு ஏறவேண்டும். தேக்கடியில் 25 ஆண்டுக்கு முன் நடந்தது இங்கே இனிமேல்தான் நடக்கவேண்டும். அல்லது நடக்காமலும் போகலாம். ஒவ்வொரு புலிகள் காப்பகத்துக்கும் ஓர் அறக்கட்டளை வேண்டும் என்று வனவிலங்குச் சட்டத்தின் 2006-ஆம் ஆண்டுத் திருத்தம் கூறுகிறது. அந்த அறக்கட்டளையில் மலையடிவாரத்து விவசாயிக்கு நாற்காலி உண்டா? காப்பகத்தின் கட்டணத்தில் மார்க்கையன்கோட்டைக் கால்வாயைத் தூர்வார ஒரு காசு வருமா? விடுதி கட்ட அனுமதி கேட்டு வருகிறவரிடம், சூரிய மின்தகடு எத்தனை என்று கேட்கட்டும்; கூடவே, எந்தக் கிணற்றுத் தண்ணீர், யாரிடம் அரிசி, எத்தனை பேர் இந்த ஊர்க்காரர், மூடிக்கிடக்கும் மாதத்தில் அவர்களுக்கு என்ன என்றும் கேட்கட்டும். பதிலைத் தமிழில் எழுதிப் பேரூராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டட்டும். ஆங்கிலத்தில் அச்சடித்த அழகான புத்தகம் யாருக்கு?

தேநீர்க் கடையை விட்டு எழும்போது பெரியவர் சொன்னார், சாலையோர நிலத்துக்கு விலை கேட்டு ஒரு தரகர் வந்துபோனாராம். ரிசார்ட்டு கட்டப் போகிறார்களாம். எல்லாம் பசுமையாகத்தான் இருக்குமாம்.

"விக்கிறதுக்கு இல்லைன்னுட்டேன் தம்பி. அது கெடக்கட்டும், எங்க போயிக் கட்டுனாலும் சரி, வருசம் பூரா எங்கிட்ட வாழையெலை வாங்குவீகளா, இன்ன வெலைன்னு எழுதித் தருவீகளான்னு கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

"மேல கேட்டுட்டு வாரேன்னு போனாரு. ஆடி போயி ஆவணியும் முடியப் போகுது. இன்னும் வரலை."